நாளொரு கதையும் பொழுதொரு சாக்கும்

தினம் ஒரு சிறுகதை எழுதுவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். வாழ்த்துகள். வீட்டில் சொல்லிவிட்டீர்களா? அவசரமில்லை. முதலில் ஊருக்குச் சொல்லுங்கள். ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு பேனா படம், "நாளை முதல் முப்பது நாள், முப்பது கதை" என்று ஒரு வரி. போதும். இந்த முயற்சியில் உங்களுக்கு வரப்போகிற பாராட்டில் முக்கால்வாசி அந்த ஒரு வரிக்கே வந்து சேர்ந்துவிடும். கதைகளுக்கு மிஞ்சுவது கால்வாசி. அதிலும் பாதி, சொந்தக்காரர்கள் படிக்காமல் போடும் கட்டைவிரல்.

அறிவிப்பின் மகிமையைப் பாரிஸ்காரர்கள் நன்றாக அறிவார்கள். 1927இல் ஜார்ஜ் சிமெனோன் என்ற இளம் எழுத்தாளர் மூலான் ரூஜ் அருகே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வேடிக்கை பார்க்கும் ஜனங்களுக்கு எதிரிலேயே ஒரு நாவலை எழுதிக் காட்டுவார் என்று ஒரு பத்திரிகை அதிபர் ஏற்பாடு செய்தார். ஊரெல்லாம் அதே பேச்சு. கடைசியில் கூண்டும் வரவில்லை, நாவலும் வரவில்லை. ஆனால் பல வருடம் கழித்தும், அந்தக் கூண்டைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தவர்கள் இருந்தார்கள். ஆகவே அறிவிப்பைச் சரியாகச் செய்துவிட்டால், எழுதாமல் விட்டாலும் எழுதியதாகவே ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும். (அதே சிமெனோன் பின்னாளில் கதவைச் சாத்திக்கொண்டு நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று நூற்றுக்கணக்கான நாவல்களை எழுதித் தள்ளினார். அது கஷ்டமான வழி. நீங்கள் கூண்டையே பின்பற்றுங்கள்.)

அறிவித்தாயிற்று. அடுத்தது தளவாடங்கள். நல்ல நோட்டு வேண்டும், இங்க் பேனா வேண்டும். இரண்டையும் வாங்கிய நாளில் கதை எழுதக் கூடாது, களைப்பாக இருப்பீர்கள். மேசை ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியில் காயும் லுங்கிதான் தெரிகிறது என்றால் மேசையை வேறு பக்கம் திருப்ப வேண்டும். திருப்ப இரண்டு ஆள் தேவை. மச்சினனைக் கூப்பிடுங்கள். அவர் வந்து, மேசையைத் திருப்பி, சாப்பிட்டு, கண்ணயர்ந்து, காபி குடித்துவிட்டுக் கிளம்ப ஐந்து மணியாகும். வாசனை உந்துதல் தரும் என்று சிலர் சொல்வார்கள். ஜெர்மானியக் கவி ஷில்லர் மேசை இழுப்பறையில் அழுகிய ஆப்பிள்களை வைத்திருந்தார். அந்த வாடை இல்லாமல் அவருக்கு எழுத்து ஓடாது. அவரைப் பார்க்கப் போன இன்னொரு கவியான கதேக்கு அந்த மேசையருகே உட்கார்ந்ததும் தலை சுற்றியது. நம் ஊரில் ஆப்பிள் விற்கும் விலைக்கு இதைச் செய்ய மனசு வராது. வாழைப்பழத்தை வைத்துப் பார்க்கலாம் என்றால் ஈ மொய்க்கும்; எழுதுகிற கை முழு நேரமும் விசிறிக்கொண்டிருக்கும்.

சரி, கருவுக்கு வருவோம். கரு தேடிப் புறப்படுகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் டீக்கடை. தமிழ்ச் சிறுகதைக்கும் டீக்கடை பெஞ்சுக்கும் உறவு பழையது. ஆனால் அந்தக் காலத்தில் பெஞ்சில் உட்கார்ந்த எழுத்தாளர்கள் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். நீங்கள் டீ மாஸ்டரின் முகச் சுருக்கங்களை வாசிக்க உட்காருகிறீர்கள். அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பார்.

"என்ன சார், டீ சரியில்லையா?"

"இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கு. எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க?"

"எதுக்குக் கேக்குறீங்க? ஃபுட் டிபார்ட்மெண்டா?"

அவ்வளவுதான். மறுநாள் முதல் உங்களுக்கு மட்டும் கிளாஸ் இரண்டு தரம் கழுவப்படும், பால் திக்காக விழும், பேச்சு மட்டும் விழாது. நல்ல டீ கிடைக்கும். கதை கிடைக்காது.

டவுன் பஸ் இதைவிட மேல். அங்கே யாரும் உங்களைக் கவனிப்பதில்லை. எல்லோரும் போனில் இருக்கிறார்கள். முன் சீட்டில் ஒரு பெண்மணி அக்காவிடம் பேசிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இல்லக்கா, அவரு ஒண்ணும் சொல்லல. சத்தமெல்லாம் போடல. சாப்பிட்ட தட்டை மட்டும் கழுவி வச்சுட்டுப் போயிட்டாரு." குரோம்பேட்டையில் அவர் இறங்கிவிடுகிறார். நீங்கள் இறங்கக் கூடாது. இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். யார் அந்த அவர்? எங்கே போனார்? ஆபீசுக்கா, ஒரேயடியாகவா? அந்த வீட்டில் அவர் தட்டைக் கழுவியது அதற்கு முன் எப்போதாவது நடந்திருக்கிறதா? மீதியும் காதில் விழுந்திருந்தால் அது குடும்பத் தகராறு, வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு மறந்துவிடுவீர்கள். விழாததால் இன்று ராத்திரி வரை அந்தத் தட்டு உங்களை விடாது. (இதைப் படித்துவிட்டு நாளைக்கே பஸ்ஸில் ஏறி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டுக்காரரின் வாயைப் பார்ப்பவர்களுக்கு நான் பொறுப்பல்ல.)

புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளையும் கரு தேடிப் போனவரல்ல. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில் நின்றுகொண்டு, டிராமில் போவதா, பஸ்ஸில் போவதா, எதில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் கடவுள் வந்து அவரிடம் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டார். தவம் செய்தவனுக்குத் தரிசனம் என்பது புராணம். சில்லறை எண்ணியவனுக்குத் தரிசனம் என்பது சிறுகதை. அதோடு விட்டாரா பிள்ளை? வந்த கடவுளைத் தன் வைத்தியப் பத்திரிகைக்கு இருபத்தைந்து ரூபாய் ஜீவிய சந்தாதாரராகவும் சேர்த்துவிட்டார்.

வெளியே போகச் சோம்பலாக இருந்தால் வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. இது அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியின் வழி. தாளை எடுத்து வெறும் பெயர்ச்சொற்களாக அடுக்குவார். ஏரி. கூட்டம். ஜாடி. பரண். இரவு. பிறகு அதில் ஒன்றைப் பிடித்து, இது ஏன் என் பட்டியலில் வந்தது என்று கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்ய ஆரம்பிப்பார். 1942இல், இருபத்திரண்டு வயதில், 'ஏரி' என்ற சொல்லிலிருந்து ஒரு கதையை இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்தபோது அழுதுகொண்டிருந்தார். ஆனால் அவர் மற்றவர்களுக்குச் சொன்னது வாரம் ஒரு கதைதான். ஐம்பத்திரண்டு வாரம் தொடர்ந்து மோசமான கதையாகவே எழுத யாராலும் முடியாது என்பது அவர் வாதம். பாவம், அவருக்குத் தமிழ் தெரியாது.

நம் வீட்டுப் பட்டியலைப் போட்டுப் பார்ப்போம். கொசு பேட். இட்லித் துணி. பேட்டரி தீர்ந்த ரிமோட். பித்தளை அண்டா. கேஸ் புத்தகம். ரேஷன் கார்டு. பிராட்பரிக்கு இருந்த வசதி நமக்கு இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். கொசு பேட்டைக் கையில் பிடித்தபடி அதன் ஆழ்மன அர்த்தத்தை யோசித்துக்கொண்டிருந்தால் உள்ளேயிருந்து குரல் வரும்: "கொசு அங்க இல்லங்க, இங்க இருக்கு." அண்டாவைத் தடவிப் பார்த்தால் அதை எந்தக் கடையில் எடைக்குப் போடலாம் என்ற பேச்சு தொடங்கிவிடும்.

ரேஷன் கார்டில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயரை அப்பாவின் கார்டிலிருந்து எடுத்தால்தான் புகுந்த வீட்டுக் கார்டில் சேர்க்க முடியும். எடுக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டியவர் அப்பாதான். இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கிறார். கையில் கல்யாணப் பத்திரிகை. அவருக்கு முன்னால் நிற்பவரும் பெயர் நீக்கத்துக்குத்தான் வந்திருக்கிறார். அவர் கையிலும் ஒரு தாள். கம்ப்யூட்டரில் இருக்கும் பெண், தலை நிமிராமல் இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள்: "காரணம் என்ன சார்? திருமணமா, இறப்பா?"

இந்தக் கருவை எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். ஆனால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்பா அந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். மகள் தலைவிரி கோலமாக ஓடி வருவாள். வெளியே மழை பிடித்துக்கொள்ளும். கி. ராஜநாராயணனுக்கு ஒரு கதவு போதுமாயிருந்தது. ஏழை வீட்டுக் குழந்தைகள் அதில் ஏறி ஆடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அதைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கதைக்குள் எழுத்தாளர் வந்து மூக்கைச் சிந்தவில்லை.

பத்திரிகைச் செய்தியிலிருந்து கரு எடுக்கலாமா என்றும் கேட்பார்கள். எடுக்கலாம். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தபோது செய்தித்தாள்களைக் கத்தரித்து ஒட்டி வைப்பதே அவருடைய வேலைகளில் ஒன்று. அத்தனை கத்தரித்தவர் எழுதி நமக்கு மறக்காமல் நிற்பதோ, அதே மாதிரி ஒரு ஸ்டூடியோவுக்கு வேஷம் கேட்டு வந்து புலியாக ஆடிக் காட்டும் மனிதரின் கதை. கத்தரிக்கோலைக் கீழே வைத்த நேரங்களில் அவர் வாசலைப் பார்த்திருக்க வேண்டும்.

இனி, முப்பது நாள் எப்படிப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் கவலையில்லை. பாட்டி இருக்கிறாள், கிணறு இருக்கிறது, ஆறாம் வகுப்பில் முட்டி போட வைத்த கணக்கு வாத்தியார் இருக்கிறார். சிக்கனமாகச் செலவழியுங்கள். பாட்டியை முதல் கதையிலேயே சாகடித்துவிட்டால் ஐந்தாம் நாள் தவிப்பீர்கள். திங்கட்கிழமை உடம்புக்கு முடியாமல் போகட்டும், வியாழன்வரை தாங்குவாள்.

இரண்டாம் வாரம் முதியோர் இல்லம் வரும். யாராலும் தடுக்க முடியாது. மகன் அமெரிக்காவில், அம்மா ஜன்னலோரம், கடைசி வரியில் அந்த இல்லத்தை நடத்துபவர் யார் என்றால் அம்மா ஒரு காலத்தில் சோறு போட்டு வளர்த்த அநாதைப் பையன். அடுத்த நாள் நகைப் பையைத் திருப்பிக் கொடுக்கும் ஆட்டோக்காரர். அதற்கு அடுத்த நாள் பெண் பார்க்கும் படலம். சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு முடிந்ததும் மாப்பிள்ளையை வேண்டாமென்று பெண் சொல்லிவிடுவாள். ஒருபக்கக் கதை என்று வார இதழ்களில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருப்பவை இவை. ஆட்டோக்காரர்கள் இதுவரை திருப்பிக் கொடுத்த நகையை எல்லாம் சேர்த்தால் தி.நகரில் இன்னொரு நகைக்கடை திறக்கலாம்.

மூன்றாம் வாரத்தில் 'கதை எழுத வராத எழுத்தாளன்' வருவான். ஆயுளுக்கு ஒரு கதைதான் இவனுக்கு அனுமதி. 'திடுக்கிட்டுக் கண் விழித்தான், எல்லாம் கனவு' என்பதற்கு அதுவும் கிடையாது. மனிதர்கள் தீர்ந்துபோய்ப் பொருள்களைப் பேசவைக்கத் தோன்றும். வ.வே.சு. ஐயர் 1915இலேயே குளத்தங்கரை அரசமரத்தைப் பேச வைத்துவிட்டார். நூறு வருடம் கழித்து உங்கள் வாஷிங் மெஷின் வாய் திறந்தால் அதைப் புதுமை என்று சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் சொந்தக்காரர்களில் கை வைப்பீர்கள். பெயரை மாற்றுவீர்கள், ஊரை மாற்றுவீர்கள். போன் வரும்.

"ஏண்டா தம்பி, கதையில வர்ற அந்தக் கஞ்சப் பிசினாறி நான்தானே?"

"ஐயோ பெரியம்மா, அது கற்பனை."

"அப்ப அந்தப் பச்சைக்கல் மூக்குத்தி?"

இந்தப் போனை மட்டும் தயவுசெய்து வைத்துவிடாதீர்கள். தான் ஏன் காசை முடிந்து முடிந்து வைக்க நேர்ந்தது, அப்போது பெரியப்பா என்ன செய்துகொண்டிருந்தார், அந்த மூக்குத்தி எத்தனை தடவை அடகுக்குப் போய் மீண்டது என்று பெரியம்மா கோபத்தில் அரை மணி நேரம் பேசுவார். நீங்கள் எழுதிய கதையைவிட அந்தப் பேச்சு நன்றாக இருக்கும். அதை எழுதுங்கள். திரும்பவும் திட்டுவார். திரும்பவும் கேளுங்கள்.

உண்மையிலேயே நாளுக்கொன்றாக எழுதியவர்களுக்கு உந்துதல் எங்கிருந்து வந்தது? இவ்வளவு வழி சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1880களின் தொடக்கத்தில் மாஸ்கோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். அப்பா கடை நொடித்துப் போனவர். அம்மா, தம்பி, தங்கை எல்லோருக்கும் இவர் சம்பாத்தியம்தான். அந்தோஷா செகோன்தே என்ற பெயரில் நகைச்சுவை இதழ்களுக்குக் கதைகளாக எழுதிக் குவித்தார். 'அஸ்கோல்கி' இதழின் ஆசிரியர் லெய்கின் நூறு வரிக்கு மேல் போகக் கூடாது என்பார். கூலி வரிக்கு எட்டுக் கோபெக். கதைகளை எப்படி எழுதுகிறேன் தெரியுமா என்று செகாவ் ஒருமுறை எழுத்தாளர் கொரலெங்கோவைக் கேட்டு, மேசையில் கண்ணில் பட்ட சாம்பல் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, வேண்டுமானால் நாளைக்கே இதன் பெயரில் ஒரு கதை தருகிறேன் என்றார். இதைக் கேட்டுவிட்டு நம்மவர்கள் சாம்பல் கிண்ணத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிண்ணத்தில் என்ன இருக்கிறது? லெய்கின் காத்திருந்தார். வீட்டு வாடகை காத்திருந்தது.

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் சரோயன் 1934இல் செய்தது இன்னும் நேரடி. 'ஸ்டோரி' என்ற இதழ் அவருடைய ஒரு கதையை ஏற்றுக்கொண்டதும், ஜனவரி மாதம் முழுக்க நாளுக்கொரு கதை அனுப்புகிறேன் என்று ஆசிரியர்களுக்குக் கடிதம் போட்டார். போட்டுவிட்டு அனுப்பவும் செய்தார். அந்த ஆண்டே முதல் தொகுப்பு வந்தது. நம் பக்கத்தில் ஜெயமோகன். 2014 ஜனவரி 1 முதல் 'வெண்முரசு' நாள்தோறும் ஓர் அத்தியாயம் என்று வந்து, 26 நாவல்களாக 2020 ஜூலையில் முடிந்தது. அதற்கு நடுவிலேயே, கொரோனா ஊரடங்கில் நாமெல்லாம் டல்கோனா காபி அடித்துக்கொண்டிருந்தபோது, நாளுக்கொரு சிறுகதையும் எழுதினார். எண்ணிக்கை நூறைத் தாண்டியது. மூன்று பேருக்கும் பொதுவானது ஒன்றுதான். இன்று அனுப்பாவிட்டால் எங்கே என்று கேட்க அந்தப் பக்கம் ஆள் இருந்தது. அந்த ஆள் இல்லாதவர்கள்தான் உந்துதல் தேடி டீக்கடைக்குப் போகிறார்கள்.

எனவே தேட வேண்டியது கருவையல்ல, கேட்கிற ஆளை. மனைவியோ கணவரோ சரிப்படாது. ஒரு நாள் எழுதாவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. நண்பர்களும் வேண்டாம்; "பரவாயில்ல மாப்ள, நாளைக்கு ரெண்டா எழுதிக்கலாம்" என்பார்கள். நீங்கள் யாரிடமாவது கைமாற்று வாங்கியிருந்தால் அவர் பொருத்தமான ஆள். ராத்திரி பத்து மணிக்குத் தவறாமல் கூப்பிடுவார். கதை கேட்டும் கூப்பிடச் சொல்லுங்கள். எழுதாத நாளுக்கு நூறு ரூபாய் கடனில் கூட்டிக்கொள்ளட்டும்.

தினம் எழுதினால் நல்ல எழுத்தாளர் ஆகிவிடலாமா என்பது தனி வழக்கு. மௌனி வாழ்நாள் முழுக்க எழுதியது ஏறத்தாழ 24 கதைகள். உங்கள் திட்டப்படி அவர் மாதக் கடைசிக்கு முன்பே தீர்ந்துபோயிருப்பார். அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார் புதுமைப்பித்தன். திருமூலரோ ஆண்டுக்கொரு பாட்டு என்று மூவாயிரம் ஆண்டு பாடியவர் என்பது ஐதீகம். அந்தப் பக்கம் போகாதீர்கள், சவால் கெட்டுவிடும். செகாவுக்கும் ஒரு நாள் கடிதம் வந்தது. 1886இல் கிரிகொரோவிச் என்ற மூத்த எழுத்தாளர், உனக்கு அபாரத் திறமை இருக்கிறது, இப்படி அவசரத்தில் எழுதி அதை வீணாக்காதே என்று எழுதினார். ஒரு கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவழித்ததாக ஞாபகமில்லை என்றும், 'வேட்டைக்காரன்' கதையைக் குளியல் கொட்டகையில் உட்கார்ந்து எழுதியதாகவும் பதிலில் ஒப்புக்கொண்டார் செகாவ். அதற்குப் பிறகு வேகத்தைக் குறைத்தார். அவருடைய பெரிய கதைகளெல்லாம் அந்தக் கடிதத்துக்கு அப்புறம் வந்தவை. ஆனால் கிரிகொரோவிச் கண்ணில் பட்ட கதைகள் அதற்கு முன்னால் வந்தவை என்பதையும் கவனியுங்கள். வேகத்தைக் குறைக்க முதலில் வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

முப்பதில் இருபத்தைந்து தேறாது. நான் பயமுறுத்தவில்லை, தேறாததற்குத்தான் இந்த ஏற்பாடே. ராத்திரி பத்தரை மணிக்கு, கடன்காரர் கூப்பிட்டுவிட்டு வைத்தபிறகு, வேறு வழியில்லாமல் எழுதுவீர்களே, அந்த ஐந்துக்குள் ஏதாவது இருக்கலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். எழுதுகிற கதைகளை வாட்ஸ்அப்பில் தினமும் எனக்கு அனுப்பாதீர்கள். எனக்கு வருகிற குட்மார்னிங்குகளே போதும். ரேஷன் கார்டு கதையை மட்டும் அனுப்பலாம். அதுவும் அப்பா மயங்கி விழாமல் இருந்தால்.